ஆஸ்திரேலியக் கடப்பிதழோடு ஷா ஆலமில் ஓய்வெடுக்க முடியுமா? எம்எம்2எச் விசாவில் கவனிக்க வேண்டியவை

"அண்ணன் மெல்பர்ன்ல இருந்து திரும்பி வந்துடணும்னு சொல்றாரு. அவருக்கு எந்த விசா போடணும்?"

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1970-கள், 80-களில் தாதியர் பயிற்சிக்காக பிரிட்டன் போனவர்களும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனவர்களும் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். பலர் அங்கேயே குடியுரிமை எடுத்துவிட்டார்கள். அம்மா இன்னும் கிள்ளானில், தங்கை ஷா ஆலமில், பழைய கூட்டாளிகள் பிரிக்பீல்ட்ஸில். ஆனால் கையில் இருப்பது வெளிநாட்டுக் கடப்பிதழ். சட்டத்தின் பார்வையில் அவர்கள் வெளிநாட்டினர்.

இவர்களிடம் எல்லாரும் சொல்லும் பெயர் எம்எம்2எச். 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டத்தின் சுருக்கம் அது. "வங்கியில கொஞ்சம் பணம் போட்டா போதும், பத்து வருஷ விசா கிடைச்சிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது ஏறத்தாழ சரியாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. இன்றைய விதிகளில் உண்மையான சுமை வங்கி வைப்புத்தொகை அல்ல, கட்டாயமாக வாங்க வேண்டிய வீடு. குறிப்பாக ஷா ஆலம் போன்ற இடத்தில் வாழ நினைப்பவருக்கு.

முதலில்: உங்கள் உறவினருக்கு விசா தேவைதானா?

இதைக் கேட்காமலேயே முகவரைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு.

வெளிநாட்டில் நிரந்தரவாசித் தகுதி, அதாவது பிஆர் மட்டும் வைத்திருப்பவர் இன்னமும் மலேசியக் குடிமகன்தான். முப்பது ஆண்டு சிட்னியில் இருந்தாலும் சரி, மலேசியக் கடப்பிதழைப் புதுப்பித்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். எந்த விசாவும் தேவையில்லை.

குடியுரிமையே எடுத்துவிட்டால் கதை வேறு. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க கூட்டரசு அரசியலமைப்பின் 24-வது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. சிலர் 'கே' பாரத்தை நிரப்பி முறைப்படி குடியுரிமையைத் துறந்திருப்பார்கள். நாட்டை விட்டுச் செல்வதாகச் சொல்லி இபிஎப் பணத்தை முழுதாக எடுத்தவர்களில் பலர் இந்த வகை. வேறு சிலர் அப்படிச் செய்யாமல் பழைய மைகாட்டையும் மலேசியக் கடப்பிதழையும் அலமாரியில் வைத்திருப்பார்கள். "யாருக்குத் தெரியப் போவுது" என்று அதை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிடுவது ஆபத்து. கடப்பிதழைப் புதுப்பிக்கும்போதோ, நிலம் மாற்றும்போதோ, ஏதாவது ஒரு கவுண்டரில் அது வெளியே வரும். அப்போது வயது எழுபதாக இருக்கும்.

அடுத்தது, மனைவியோ கணவரோ மலேசியரா? அப்படியானால் எம்எம்2எச் பக்கமே போக வேண்டாம். மலேசியரை மணந்த வெளிநாட்டவருக்கு குடிநுழைவுத் துறை நீண்டகால சமூக வருகை அனுமதி தருகிறது. ஐந்தாண்டுகள் அந்த அனுமதியில் இங்கே தொடர்ந்து வாழ்ந்தபின் நிரந்தரவாசித் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். லட்சக்கணக்கில் வைப்புத்தொகை கிடையாது, வீடு வாங்கும் கட்டாயமும் கிடையாது. தம்பதியில் ஒருவர் மட்டும் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இன்னொருவர் மலேசியராகவே இருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் இந்த வழியைப் பார்க்காமல் எம்எம்2எச்-க்குப் பணம் ஒதுக்குவது தேவையில்லாத செலவு.

முன்னாள் மலேசியர்கள் புத்ராஜெயாவில் உள்ள குடிநுழைவுத் துறையில், தங்களுக்கு வசிப்பிட அனுமதியோ நுழைவு அனுமதியோ கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் கேட்பதற்குச் செலவில்லை.

கடைசியாக, உங்கள் உறவினர் உண்மையிலேயே இங்கே குடியேறப் போகிறாரா, இல்லை ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் அம்மாவோடு இருக்க ஆசைப்படுகிறாரா? ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கடப்பிதழ்காரர்களுக்கு சுற்றுப்பயணியாக 90 நாள்வரை விசா இல்லாமல் அனுமதி உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு, 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு முறை, பேரன் கல்யாணத்துக்கு ஒரு முறை என்று வருபவருக்கு இதுவே போதும். ஆனால் 90 நாள் முடிந்ததும் சிங்கப்பூருக்கோ ஹட்யாய்க்கோ போய் மறுநாளே திரும்பி, இன்னொரு 90 நாள் என்று ஓட்டுவது வாழ்க்கைத் திட்டம் ஆகாது. ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவது எல்லையில் நிற்கும் அதிகாரியின் முடிவு.

இவை எதுவும் பொருந்தாவிட்டால்தான் எம்எம்2எச்.

150 ஆயிரம் ரிங்கிட்டில் இருந்து 150 ஆயிரம் டாலருக்கு

1996-இல் 'சில்வர் ஹேர்' என்ற பெயரில், 50 வயதைத் தாண்டிய வெளிநாட்டினருக்காக இந்தத் திட்டம் தொடங்கியது. பெயரே நரைமுடியைத்தான் குறித்தது. 2002-இல் அது எம்எம்2எச் ஆக மாறி, வயது வரம்பு தளர்ந்தது.

2020-க்கு முன்பு 50 வயதுக்கு மேற்பட்டவர் வைக்க வேண்டிய நிரந்தர வைப்புத்தொகை 1 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட். கூடவே 3 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் ரொக்கச் சொத்து, மாதம் 10 ஆயிரம் ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்ட வேண்டும். அனுமதி பத்து ஆண்டுகளுக்கு. வாடகை வீட்டில் இருந்தாலும் யாரும் கேட்கவில்லை. நம் உறவினர்கள் சொல்லும் "கொஞ்சம் பணம்" கதை இந்தக் காலத்தைச் சேர்ந்தது.

2020-இல் மறுஆய்வு என்று திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு அறிவித்த புதிய நிபந்தனைகளைக் கேட்டு பலர் அதிர்ந்தார்கள். வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட். மாத வருமானம் 40 ஆயிரம் ரிங்கிட். ரொக்கச் சொத்து 15 லட்சம். அனுமதிக் காலம் பத்திலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைந்தது. ஓய்வூதியம் வாங்கும் எந்தத் தாதி மாதம் 40 ஆயிரம் ரிங்கிட் காட்டுவார்? ஜொகூர் சுல்தான் உட்படப் பலர் கவலை தெரிவித்தார்கள்.

பிறகு திட்டம் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் கைக்கு வந்தது. 2023 டிசம்பரில் அமைச்சர் தியோங் கிங் சிங் மூன்று பிரிவுகளை அறிவித்தார். 2024 ஜூனில் இறுதி வடிவம் நடைமுறைக்கு வந்தது. மாத வருமான நிபந்தனை போனது. அதற்குப் பதிலாக வீடு வந்தது.

இப்போதைய பிரிவுகள் இப்படி. சில்வர் பிரிவுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள வீடு, ஐந்தாண்டு அனுமதி. கோல்டு பிரிவுக்கு 5 லட்சம் டாலர், 10 லட்சம் ரிங்கிட் வீடு, பதினைந்து ஆண்டுகள். பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 லட்சம் ரிங்கிட் வீடு, இருபது ஆண்டுகள். எல்லாமே புதுப்பிக்கக் கூடியவை. குறைந்தபட்ச வயது 25. பிளாட்டினக்காரர்கள் மட்டும் இங்கே வேலை பார்க்கலாம், தொழில் நடத்தலாம். மற்ற இரு பிரிவினரும் வேலை செய்யக்கூடாது. தங்கையின் மளிகைக் கடையில் 'சும்மா உதவிக்கு' கல்லாவில் உட்காருவதற்கு முன்பு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சலுகை, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஆண்டுக்கு 90 நாள் இங்கே இருந்தாக வேண்டும்' என்ற விதி கிடையாது. அது 50-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும். இன்னொன்று, மனைவி அல்லது கணவர், திருமணமாகாத பிள்ளைகள் மட்டுமின்றி பெற்றோர், மாமனார் மாமியாரையும் சார்ந்தோராகச் சேர்க்கலாம். பிள்ளைகளுக்கு 34 வயது வரம்பு உண்டு.

வைப்புத்தொகையில் பாதிவரை ஓராண்டுக்குப் பின் எடுக்கலாம். வீடு வாங்க, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, உள்நாட்டுச் சுற்றுலா போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். மீதிப் பாதி அனுமதி இருக்கும்வரை வங்கியிலேயே கிடக்கும். அது உங்கள் பணம்தான், வட்டியும் வரும். ஆகவேதான் சொல்கிறோம், வைப்புத்தொகை இங்கே பெரிய பிரச்சினை அல்ல.

வீடு: இங்கேதான் கணக்கு மாறுகிறது

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தங்கை ஷா ஆலம் செக்‌ஷன் 7-இல் இருக்கிறார். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற 66 வயது அண்ணன் அதே தாமானில் ஒரு டெரஸ் வீடு வாங்கி, சில்வர் பிரிவில் வந்துவிடலாம் என்று நினைக்கிறார். 6 லட்சம் ரிங்கிட்தானே?

இல்லை. 6 லட்சம் என்பது எம்எம்2எச் திட்டத்தின் வரம்பு. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பது. வெளிநாட்டவர் எந்த விலைக்கு மேல், எந்த வகை வீட்டை வாங்கலாம் என்பதை மாநிலம்தான் முடிவு செய்யும். இரண்டில் எது உயர்வோ அதுதான் செல்லும்.

சிலாங்கூர் 2014-இல் இந்த வரம்பை 20 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக், உலு லங்காட், சிப்பாங் மாவட்டங்கள் அதில் அடக்கம். ஷா ஆலமின் பெரும்பகுதி பெட்டாலிங் மாவட்டத்தில், ஒரு பகுதி கிள்ளான் மாவட்டத்தில். அதோடு, வெளிநாட்டவர் வாங்குவது ஸ்ட்ராட்டா பட்டா உள்ள வீடாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. அதாவது கொண்டோ, அல்லது வேலி போட்டு காவலாளி வைத்த குடியிருப்பில் உள்ள ஸ்ட்ராட்டா தரை வீடு. தங்கை வீட்டுக்கு எதிர் வரிசையில் தனிப் பட்டா உள்ள சாதாரண டெரஸ் வீடு இந்த வகையில் வராது. மாநில வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, அன்றைய தேதியில் நடப்பில் உள்ள தொகையையும் வீட்டு வகையையும் வழக்கறிஞர் வழியாக நில அலுவலகத்தில் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டுத் தரகர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

கோலாலம்பூரில் வெளிநாட்டினருக்கான வரம்பு 10 லட்சம் ரிங்கிட். எனவே பிரிக்பீல்ட்ஸில் கோயில், கடைவீதி, எல்ஆர்டி எல்லாம் நடக்கும் தூரத்தில் ஒரு கொண்டோ வேண்டும் என்றால் சில்வர் பிரிவுக்காரரும் கோல்டு பிரிவின் விலைக்குத்தான் வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

விலை எவ்வளவானாலும் சில வீடுகளை வெளிநாட்டவர் வாங்கவே முடியாது. மலாய் ஒதுக்கீட்டு நிலம், பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடு, குறைந்த விலை, நடுத்தரக் குறைந்த விலை வீடுகள் அந்த வகை. மற்றவற்றுக்கும் தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்கீழ் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அது கைக்கு வரும்வரை வாங்கல் முடியாது. மாதக்கணக்கில் ஆகலாம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலர் 4 ரிங்கிட் 20 காசு என்று வைத்துக்கொண்டால் சில்வர் வைப்புத்தொகை 6 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட். கோலாலம்பூரில் 10 லட்சத்துக்கு ஒரு கொண்டோ. வெளிநாட்டினருக்கு 2024 ஜனவரி 1 முதல் சொத்து மாற்ற முத்திரை வரி ஒரே சீராக 4 விழுக்காடு, அதாவது 40 ஆயிரம் ரிங்கிட். குடியிருப்பு வீடுகளுக்கு இதை 8 விழுக்காடாக உயர்த்துவதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள், அப்படியானால் 80 ஆயிரம். நிரந்தரவாசிகளுக்கு இந்த உயர் விகிதம் இல்லை. ஆனால் எம்எம்2எச் வைத்திருப்பவர் நிரந்தரவாசி அல்லர், அவருக்கு உண்டு. ஆக வழக்கறிஞர், முகவர், பங்கேற்புக் கட்டணங்கள் சேர்க்காமலேயே ஏறத்தாழ 17 லட்சம் ரிங்கிட். 2020-க்கு முன்பு 1 லட்சத்து 50 ஆயிரத்தை வைப்புத்தொகையாகப் போட்டு, செக்‌ஷன் 7-இல் வாடகைக்கு இருந்திருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடும் விதி இது. எம்எம்2எச்-க்காக வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது. அதைவிட விலை உயர்ந்த வீட்டுக்கு மாறலாம், அவ்வளவுதான். சில்வர் அனுமதியோ ஐந்தாண்டுக்குத்தான். 66 வயதில் வீடு வாங்குபவர் 76 வயதுவரை அந்த வீட்டில் கட்டுண்டு இருக்கிறார். நடுவில் விதிகள் மாறினாலும், உடம்பு முடியாமல் பிள்ளைகளோடு மெல்பர்னுக்கே போக வேண்டி வந்தாலும், பணம் சுவரிலும் தரையிலும் இருக்கும். 2020-க்கும் 2024-க்கும் இடையில் இந்தத் திட்டம் எத்தனை முறை மாறியது என்று மேலே பார்த்தோம். எங்களைக் கேட்டால், மொத்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் இந்த வீட்டுக்குள் போகும் என்றால் யோசிக்க வேண்டும்.

விற்கும்போதும் வரி உண்டு. வெளிநாட்டவர் முதல் ஐந்தாண்டில் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, அதன் பிறகு 10 விழுக்காடு சொத்து ஆதாய வரி.

"சரி, அப்ப தங்கச்சி பேர்ல வாங்கிடலாமே?" இந்த யோசனை எல்லாக் குடும்பத்திலும் வரும். தங்கை மலேசியர், அவருக்கு எந்த வரம்பும் இல்லை, டெரஸ் வீடும் வாங்கலாம். ஆனால் அந்த வீடு அண்ணனின் எம்எம்2எச் கணக்கில் சேராது. பட்டாவில் பெயர் தங்கையுடையது என்பதால் சட்டப்படி வீடும் தங்கையுடையது. நாளை அவருக்கு ஏதாவது ஆனால் அது அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அண்ணன் தங்கைக்குள் சண்டையே இல்லாத குடும்பத்திலும், அடுத்த தலைமுறை நீதிமன்றம் ஏறுவது இந்த மாதிரி வீடுகளால்தான்.

ஃபாரஸ்ட் சிட்டி மலிவாமே?

ஆம். ஜொகூரில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டி சிறப்பு மண்டலத்துக்குத் தனி விதி. 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு 32 ஆயிரம் டாலர், 21 முதல் 49 வயதுவரை 65 ஆயிரம் டாலர் வைப்புத்தொகை, பத்தாண்டு அனுமதி. ஆனால் வீடு அங்கேதான் வாங்க வேண்டும். ஷா ஆலமிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடும்பத்துக்குச் சரியாக இருக்கலாம். அம்மாவைப் பார்க்கத் திரும்புகிறவருக்கு இது விடையல்ல.

சபா, சரவாக் மாநிலங்கள் தங்களுக்கென்று தனியாக எம்எம்2எச் நடத்துகின்றன. நிபந்தனைகளும் வேறு. அங்கே வாழ நினைப்பவர்கள் அந்தந்த மாநிலத்தில் விசாரிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமா? தாய்லாந்தின் ஓய்வுக்கால அனுமதிக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும், வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65 ஆயிரம் பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கணும், அது ஒரு தொல்லை. ஆனால் வீடு வாங்கச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தடை

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஓய்வுபெற்ற உறவினர், மகள் கோலாலம்பூரில் இருப்பதால் இங்கே வர நினைக்கலாம். அவருக்கு மலேசிய விதிகளுக்கு முன்பே இந்திய விதி ஒன்று குறுக்கே நிற்கும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர்வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். சில்வர் வைப்புத்தொகை 1 லட்சத்து 50 ஆயிரம், 6 லட்சம் ரிங்கிட் வீடு சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் டாலர். இரண்டும் சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். 10 லட்சம் ரிங்கிட் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு. அல்லது மார்ச்சுக்கு முன் ஒரு பகுதி, ஏப்ரலுக்குப் பின் ஒரு பகுதி என்று இரு நிதியாண்டுகளில் பிரிக்கலாம். எதுவானாலும் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு டிசிஎஸ் பிடித்துக்கொள்ளும். அது கூடுதல் வரி அல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும். ஆனால் வரும்வரை அந்தப் பணம் கையில் இருக்காது. வீட்டுக்கு முன்பணம் கட்ட ஒப்புக்கொண்ட தேதியும் வங்கி பணம் அனுப்பும் தேதியும் மோதிக்கொள்வது இப்படித்தான்.

விண்ணப்பம் எப்படிப் போகும்?

இப்போது நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற எம்எம்2எச் முகவர் வழியாகத்தான். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு விற்கும் நிறுவனமே "விசாவும் நாங்களே எடுத்துத் தர்றோம்" என்றால், இரண்டு வேலையையும் பிரித்தே பேசுங்கள்.

முகவர் கேட்கும் பத்திரங்களில் அதிக நாள் எடுப்பது நன்னடத்தைச் சான்றிதழ். ஆஸ்திரேலியர் அந்நாட்டு கூட்டரசுக் காவல்துறையிடமும் இந்தியர் கடப்பிதழ் சேவை மையத்திலும் வாங்க வேண்டும். தமிழில் உள்ள திருமண, பிறப்புச் சான்றிதழ்களை ஆங்கிலத்திலோ மலாயிலோ மொழிபெயர்த்து உறுதிப்படுத்தணும். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி, பதிவே செய்யாத திருமணம் என்றால் மனைவியைச் சார்ந்தவராகச் சேர்ப்பதில் சிக்கல் வரும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஆய்வு முடிந்து, நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் கடிதம் வரும். அதற்குப் பிறகுதான் இங்கே மருத்துவப் பரிசோதனை, மருத்துவக் காப்புறுதி, வைப்புத்தொகை எல்லாம். வைப்புத்தொகை உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கில் போகும். முகவரின் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி கடப்பிதழில் பதியப்பட்ட பின் வீடு வாங்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஆகவே கடிதம் வருவதற்கு முன்பே மெல்பர்ன் வீட்டை விற்பதோ இங்கே கொண்டோவுக்கு முன்பணம் கட்டுவதோ அவசரம்.

மருத்துவமும் ஓய்வூதியமும்

அரசாங்க கிளினிக்கில் மலேசியர் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். எம்எம்2எச் வைத்திருப்பவர் வெளிநாட்டவர் கட்டணம்தான் கட்ட வேண்டும், அரசாங்க மருத்துவமனையிலும் அப்படித்தான். ஆகவே தனியார் காப்புறுதி அவசியம். நீரிழிவு, இதய நோய் உள்ள 66 வயதுக்காரருக்கு அதன் தவணை எவ்வளவு வரும், எந்த நோய்களை விலக்குகிறார்கள் என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு அடுத்தபடியாகத் திட்டத்தைக் கவிழ்ப்பது இதுதான்.

பிரிட்டனில் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டு அரசு ஓய்வூதியம் மலேசியாவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. இங்கே குடிவந்த நாளில் எவ்வளவோ அதே தொகைதான் கடைசிவரை. இருபது ஆண்டில் அதன் மதிப்பு என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடரும். ஆனால் 26 வாரங்களுக்குப் பின், வேலைசெய்யும் வயதில் 35 ஆண்டு அங்கே வசிக்காதவர்களுக்குத் தொகை குறையும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு மலேசியாவில் தனிநபர்களுக்கு 2036 இறுதிவரை, நிபந்தனைகளுடன், வரிவிலக்கு இருக்கிறது. அது ஒரு ஆறுதல்.

அனுமதி வைத்திருப்பவர் இறந்துவிட்டால்?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி. ஆனால் இது ஓய்வுக்கால விசா. சார்ந்தோராக வந்த மனைவி அதன் பிறகு எந்த அடிப்படையில் இங்கே தொடர்ந்து இருக்கலாம், வைப்புத்தொகைக்கும் வீட்டுக்கும் என்ன ஆகும் என்பதை விண்ணப்பிக்கும்போதே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கும் பட்டாவும் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், நீதிமன்றத்தின் உரிமைப் பத்திரம் வரும்வரை குடும்பத்தால் அதைத் தொட முடியாது. மெல்பர்னில் எழுதிய உயிலை இங்கே செல்லுபடியாக்கத் தனி நடைமுறை வேண்டும். மலேசியச் சொத்துக்கென்று இங்கேயே ஒரு உயில் எழுதி வைப்பவர்கள் தங்கள் மனைவியை அந்த அலைச்சலிலிருந்து காப்பாற்றுகிறார்கள். வீடு வாங்கும் அதே வழக்கறிஞரிடம், அதே நாளில் இதையும் முடித்துவிடலாம்.